சலங்கை கழற்றிய பின்

ஆடற்கலையைப் பற்றித் தமிழ் முன்னோர் எழுதாது விட்ட நுணுக்கம் மிகக் குறைவு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மேடையின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்தே கூறுகிறது. ஆடலாசிரியன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும், தண்ணுமை முழக்குவோன் எதை அறிந்திருத்தல் வேண்டும் என்றெல்லாம் விரித்துரைக்கிறது. ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மாதவி மேடை ஏறினாள். மன்னன் பரிசளித்தான், மாலை விலை போயிற்று, கோவலன் வந்தான், கதையும் நகர்ந்துவிட்டது. ஆடி முடித்த அந்தச் சிறுபெண்ணின் கால்கள் அன்றிரவு நொந்தனவா, கண்கள் மூடினவா என்று காப்பியம் கேட்கவில்லை. அதன் பின் வந்தவர்களும் பெரும்பாலும் கேட்கவில்லை.

தென்சீனக் கடலை நோக்கி நிற்கும் மெர்சிங் நகரை, தியோமான் தீவுக்குப் படகேறும் துறையாகவே வெளியூரார் அறிவர். அங்குத் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி அல்ல. ஆயினும் திருவிழா இரவுகளிலும் பள்ளி விழாக்களிலும் சலங்கை ஒலி கேட்கத்தான் செய்கிறது. பெரிய நிகழ்ச்சி என்றால் ஜொகூர் பாருவுக்குச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். திரும்பும் வழியில், கோத்தா திங்கியைக் கடந்ததும் இருபுறமும் இருள். மகிழுந்தின் பின்னிருக்கையில் ஒப்பனை கலையாத சிறுமி அரைத் தூக்கம் தூங்குவாள். வீடு வந்து சேர்ந்ததும் அந்த அரைத் தூக்கமும் கலைந்துவிடும். பிறகு பாயில் படுத்தாலும் கண் மூடாது. “எத்தனை மணி ஆச்சு, இன்னும் என்ன முழிச்சிக்கிட்டு?” என்று தாய் அதட்டுவார். அதட்டினால் வருவதா உறக்கம்? காதில் நட்டுவாங்கத்தின் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். பாதம் போர்வைக்குள் தானே தட்டும்.

இது குழந்தையின் பிடிவாதம் அன்று, உடலின் இயல்பு. மனிதன் உறங்கப் போகையில் உடலின் உள்வெப்பம் மெல்லத் தணிய வேண்டும். கை கால்களின் தோலுக்குக் குருதி பாய்ந்து, வெப்பம் அவ்வழியே வெளியேறும்போது உறக்கம் வருகிறது. ஒரு வருணத்தை முழுமையாக ஆடி முடித்த உடலோ நேர்மாறான நிலையில் இருக்கிறது. உள்வெப்பம் ஏறி நிற்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. அச்சத்தின்போதும் ஊக்கத்தின்போதும் சுரக்கும் அட்ரினலின் குருதியில் மிதக்கிறது. பலர் முன்னிலையில் ஆடிய படபடப்பு வேறு. சூரிச் நகரின் ஆய்வாளர்கள், மாலைநேர உடற்பயிற்சியைப் பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 2018இல் ஒரு முடிவை வெளியிட்டனர். மாலையில் உடலை வருத்துவதால் உறக்கம் பொதுவாகக் கெடுவதில்லை. ஆனால் கடும் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்திற்குள் படுக்கச் சென்றால் கெடக்கூடும் என்பதே அது. ஆடலையே நிறுத்திவிடத் துடிக்கும் பெற்றோர் இதன் முதற்பகுதியையும், நள்ளிரவில் “உடனே படு” என்போர் பிற்பகுதியையும் கருத வேண்டும்.

மெர்சிங்கிற்கு இன்னொரு தொல்லையும் உண்டு; அது கடிகாரம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. மெர்சிங்கில் கதிரவன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணியை ஒட்டியே. அதாவது, கடிகாரம் கதிரவனை விட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. பள்ளிக்காக ஐந்தே முக்காலுக்கு எழுப்பப்படும் பிள்ளை, கதிரவன் கணக்கில் ஐந்து மணிக்கும் முன்னரே எழுகிறது. உடலுக்குள் இருக்கும் கடிகாரமோ வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. அதன் இயக்கத்தை விளக்கிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இத்துடன், ஜொகூர் மாநிலத்தில் 2014 தொடங்கி 2024 முடிய வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சனிக்கிழமை இரவு ஆடிய பிள்ளை ஞாயிறு காலை சீருடை அணிந்து பள்ளி வாசலில் நிற்க வேண்டும். கோலாலம்பூரில் ஆடிய பிள்ளையோ அந்நேரம் உறங்கிக்கொண்டிருக்கும்! 2025 ஜனவரியில் விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆயிற்று. ஆடும் பிள்ளைகளுக்கு அது சிறு கொடை.

பரதநாட்டியக் கச்சேரியின் அமைப்பிலேயே தணிதலுக்கும் இடம் இருக்கிறது. தஞ்சை நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த வரிசை அது. பாலசரசுவதி அம்மையார் 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் அவ்வரிசையைக் கோயிலோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், அங்கிருந்து மண்டபங்களைக் கடந்து வருணத்தின் பெருவெளி, அதன் பின் பதம் என்னும் கருவறை. அங்கே ஆரவாரம் அடங்கிவிடுகிறது. தில்லானாவில் ஒருமுறை தீபாராதனையின் முழக்கம் எழுந்து, இறுதியில் விருத்தத்தோடு ஆடுபவள் இறைவனை நெஞ்சில் ஏந்தித் தனிமைக்குத் திரும்புகிறாள். அம்மையார் உறக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும், விறுவிறுப்பின் உச்சியிலேயே ஆடலைத் துண்டிக்கலாகாது என்னும் அறிவு அவ்வமைப்பில் இருக்கிறது. இன்றைய மேடைகளிலோ ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது எட்டு நிமிடம். ஒலிப்பதிவு உச்சத்தில் முடியும், விளக்கு அணையும், அடுத்த குழு முண்டியடித்து ஏறும். பதமும் இல்லை, விருத்தமும் இல்லை. அந்தத் தணிதலை வீடுதான் தர வேண்டியிருக்கிறது.

வடதமிழகத்துத் தெருக்கூத்துக் கலைஞரின் நிலை இன்னும் கடினமானது. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும் கூத்து விடியும் வரை நடக்கும். பாரதத் திருவிழாவின் இறுதியில் அதுவும் போதாது. இரவெல்லாம் ஆடியவர் காலையில் படுகளத்திலும் நிற்க வேண்டும். பிறகே முடியும் புஜக்கட்டையும் இறங்கும். அவர் உறங்குவது ஊர் விழித்திருக்கும் பகலில். ஜொகூரிலேயே, சாவக வழியினர் ஆடிவந்த கூடா கெப்பாங் என்னும் குதிரையாட்டத்தில், தன்னிலை மறந்து ஆடுவோரைத் தன்னிலைக்கு மீட்பது குழுத்தலைவரின் பொறுப்பு. ஆட்டுவிப்பவரே அடக்கியும் விட வேண்டும் என்பது அவர்கள் முறை.

நல்ல பாட்டி இருக்கும் வீட்டில் அறிவியல் நூல் தேவைப்படுவதில்லை. முதலில் சலங்கை, பிறகு தலைச்சாமான், பூ, சவுரி. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுப்பதற்கே கால் மணி ஆகும்; அதற்குள் மூச்சு சீராகிவிடும். தேங்காய் எண்ணெய் தொட்டு முகப்பூச்சைத் துடைப்பார். இளவெந்நீரில் குளியல். வெந்நீர் உடலைச் சூடாக்கும் என்றுதான் எண்ணத் தோன்றும். உண்மையில் தோலுக்குக் குருதியை இழுத்து உள்வெப்பத்தை வெளியேற்ற அது உதவுகிறது. பிறகு கொஞ்சம் தயிர்ச்சோறு. “காலை நீட்டு கண்ணு” என்று சொல்லி, கெண்டைக்காலில் நல்லெண்ணெய் தேய்ப்பார். பெரிய விளக்கை அணைத்துவிடுவார். பேச்சும் குறைந்துவிடும்.

இதைக் கெடுப்பவை இரண்டு. மேடைக்குப் பின்னால் களைப்புக்கென்று நீட்டப்படும் கோப்பி ஒன்று. அதிலுள்ள காஃபின், களைப்பை உணர்த்தும் வேதிப்பொருளை மறைத்து நிற்கிறது. குடித்ததில் பாதி குறைவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மற்றொன்று கைப்பேசி. ஆடிய காணொளியைப் போர்வைக்குள் பத்து முறை பார்த்தால் உடல் மீண்டும் மேடைக்கே போய்விடும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்கின்றனர் மருத்துவர். அது பலமுறை குறைந்தால் வகுப்பில் கவனம் சிதறும், மதிப்பெண் குறையும். எஸ்.பி.எம். ஆண்டு நெருங்கும்போது “ஆடியது போதும்” என்று வீட்டில் முடிவாகிவிடும். எட்டாண்டு பயின்ற கால்கள் அத்தோடு நின்றுவிடுகின்றன. பழி ஆடல்மீது விழுகிறது. பழிக்கு உரியதோ நிகழ்ச்சி நிரல். அழைப்பிதழில் இரவு 7.30 என்று அச்சாகிறது. சிறப்பு விருந்தினர் 8.30க்கு வருகிறார், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, படப்பிடிப்பு. மாலை நான்கு மணிக்கே ஒப்பனை இட்டுக்கொண்டு, பட்டாடை கசங்காமல் நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் முறை பத்தே முக்காலுக்கு வருகிறது.

உரைகளைப் பின்னுக்குத் தள்ளி, ஆடலை எட்டு மணிக்கே வைத்தால் பிள்ளைகள் ஒன்பதரைக்கு வீடு சேர்வர். சிறப்புரை கேட்பதற்குப் பெற்றோர் இருக்க மாட்டார்கள் என்பதுதான் ஏற்பாட்டாளரின் அச்சம். அந்த அச்சத்தின் விலையை மறுநாள் முதற்பாட வேளையில், கண்ணோரத்து மை முழுதும் நீங்காத ஒரு சிறுமி, மேசைமேல் கவிழ்ந்த தலையோடு செலுத்திக்கொண்டிருக்கிறாள்.