இரண்டாவது சாவி

வங்கி வேலையில் புகுந்த முதல் வருஷத்தில் கற்றுக்கொண்டவற்றில் இன்றும் என் மதிப்பில் குறையாமல் இருக்கும் ஏற்பாடு இரட்டைச் சாவி. ரொக்கப் பெட்டகத்தை ஒரு சாவியால் திறக்க முடியாது. ஒன்று அதிகாரியிடம் இருக்கும், மற்றது ஹெட் கேஷியரிடம். ஹெட் கேஷியர் என்பவரும் கிளார்க்தான். கொஞ்சம் அலவன்ஸ் அதிகம், அவ்வளவே. இருந்தும் அவர் வந்து நிற்காமல் மானேஜரால் ஒரு நோட்டுக்கட்டை எடுக்க முடியாது. கீழே இருப்பவனின் சம்மதம் இல்லாமல் மேலே இருப்பவன் இயங்க முடியாத இடங்கள் நம்மிடையே எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதிகம் அகப்படவில்லை.

சிறு ஊர்க் கிளை ஒன்றில் இருந்தபோது, ஒரு நாள் மாலை கணக்கு முடித்துப் பெட்டகத்தை மூடியபின், செல்வாக்குள்ள ஒருவருக்காக மறுபடி திறக்கலாமா என்று மானேஜர் கேட்டார். "காலையில பார்த்துக்கலாம் சார்" என்றார் ஹெட் கேஷியர். குரல் உயரவில்லை. மானேஜர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் வந்தவருக்கு ஏதோ சமாதானம் சொன்னார். இரண்டாவது சாவியின் முழு அர்த்தமும் எனக்கு அன்றுதான் பிடிபட்டது. திறப்பது அதன் ஒரு பாதி உபயோகம். மறுப்பது மறு பாதி.

2020 மார்ச் 25 அன்று நாடு அடைக்கப்பட்டபோது வங்கிக் கிளைகள் திறந்தே இருந்தன. நான் அப்போது வட்டார அலுவலகத்தில், கிளைகளுக்கிடையே நிலுவையில் நிற்கும் கணக்குகளைச் சரிசெய்யும் பிரிவில் இருந்தேன். எங்களில் சிலரிடம் லாப்டாப்பைக் கொடுத்து வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே பொது இணையத்தின் ஊடாக ஒரு ரகசியப் பாதை, வி.பி.என். முதலில் பாஸ்வேர்ட் கேட்கும். அடுத்து, கைபேசியில் முப்பது விநாடிக்கு ஒரு தரம் மாறும் ஆறு இலக்க எண். இரண்டும் பொருந்தினால் அலுவலகக் கணிப்பொறி என் திரையில் விரியும். கோப்பு வீட்டுக்கு வருவதில்லை. அதன் பிம்பம்தான் வருகிறது. நகல் எடுக்க முடியாது. சற்று நேரம் கை வைக்காவிட்டால் திரை தானாக மூடிக்கொள்ளும்.

இந்தப் பாதைக்கு அடியில் இருக்கும் கணிதம் என்னை வசீகரித்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1976ல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட யோசனை அது. முன்பின் அறியாத இரண்டு பேர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு வெளியில், தங்களுக்கு மட்டுமான ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும். இருவரும் ஆளுக்கொரு எண்ணை மனசில் வைத்துக்கொள்கிறார்கள். அதைக் கொண்டு கணக்கிட்ட விடையை மட்டும் பகிரங்கமாகப் பரிமாறுகிறார்கள். ஒட்டுக்கேட்பவனுக்கு விடைகள் இரண்டும் கிடைத்தாலும், உள்ளே இருக்கும் எண்களுக்குத் திரும்பிப் போக ஆயுள் போதாது. சிறுபத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான விஷயம் அல்ல.

ஆனால் இந்த ஏற்பாட்டின் மனோபாவம் வேறு. 2010ல் ஜான் கிண்டர்வாக் என்பவர் இதற்கு 'ஜீரோ டிரஸ்ட்' என்று பெயர் வைத்தார். உள்ளே இருக்கிறான் என்பதற்காக எவனையும் நம்பாதே. ஒவ்வொரு தடவையும் சோதி. இதைக் குறை சொல்லவும் முடியவில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைன் சில நாட்கள் நின்றுபோனது. உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு; பாஸ்வேர்ட் மட்டுமே காவல்; இரண்டாவது சாவி இல்லை. அந்த நிறுவனம் 44 லட்சம் டாலர் கப்பம் கட்டியது.

ஆக, இரண்டாவது சாவி வேண்டும் என்பதில் வழக்கில்லை. அது எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி. பாஸ்வேர்ட் என் ஞாபகத்தில், ஆறு இலக்க எண் என் சட்டைப் பையில். இரண்டு சாவியும் ஒருவனிடமே. இரட்டை என்ற வடிவம் தப்பித்துவிட்டது. இரண்டாவது மனிதன் காணாமல் போய்விட்டான். எண் பொருந்துகிறதா என்று மட்டும் கைபேசிக்குத் தெரியும். "காலையில பார்த்துக்கலாம்" என்று சொல்ல அதற்குத் தெரியாது.

நியாயமாகச் சொன்னால், வங்கி மென்பொருளில் இரண்டாவது ஆள் இன்னும் இருக்கிறார். ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், மேக்கர், செக்கர். நான் மேக்கர். அலுவலகத்தில் செக்கர் நாலு மேஜை தள்ளி இருந்தார். ஒரு பதிவைப் பார்த்து அவர் புருவம் சுருங்குவதை நான் பார்த்துவிடுவேன், எழுந்து போவேன். வீட்டிலோ அவர் திரையின் மூலையில் ஒரு பெயர். இரவு பதினோரு மணிக்கு அனுப்பினாலும் ஒரு நிமிஷத்தில் ஒப்புதல் வந்துவிடுகிறது. அந்த வேகம் எனக்கு உவப்பாக இல்லை.

இன்னொன்று. ஈலியட் 1917லிருந்து 1925 வரை லாய்ட்ஸ் வங்கியில் இருந்தார். காஃப்கா 1908லிருந்து 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில். அலுவலகம் படைப்பாளியைத் தின்கிறது என்று பேசும்போதெல்லாம் இவர்கள் இருவரையும் இழுக்கிறோம். காஃப்காவின் அலுவலகம் மதியம் இரண்டு மணிக்கு முடிந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முடிந்தது என்றால் முடிந்தது. கோப்புகள் அங்கேயே கிடந்தன. அவர் இரவு அவருடையதாக இருந்தது. என் வீட்டில் மேஜை ஒன்றுதான். விதிப்படி வீட்டார் கண்ணில் திரை படக்கூடாது என்பதால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். பாதுகாப்பு விதியின் பார்வையில் என் மனைவியும் மகளும் அந்நியர்கள். அந்த மேஜையில் இரவு ஒரு கவிதையை எடுத்து வைத்துக்கொண்டால், அதையும் யாரோ அனுமதிக்க வேண்டும் போல் ஒரு பிரமை கொஞ்ச நாள் இருந்தது.

2022க்குள் எல்லோரும் அலுவலகம் திரும்பிவிட்டோம். லாப்டாப் திரும்பவில்லை, காலாண்டு முடிவுகளில், விடுமுறை நாட்களில், அது விழித்துக்கொள்கிறது. மேஜையை ஜன்னல் பக்கம் மறுபடி திருப்பிவிட்டேன். வங்கி வேலை வந்தால் சமையலறை மேடைக்குப் போகிறேன். பெரிய தொகைப் பதிவு என்றால் அனுப்பியபின் செக்கருக்கு ஃபோன் செய்கிறேன். விதியில் அப்படி இல்லை.

"எல்லாம்தான் ஸ்கிரீன்ல இருக்கே சார், எதுக்கு ஃபோன்?" என்பார்.

"படிச்சுப் பார்த்தீங்களான்னு கேட்கத்தான் சார்."

போன மாதக் கடைசியில் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்த மூணாவது என்ட்ரி நாளைக்கு ஆபீஸ்ல பார்த்துக்கலாம்" என்றார்.