புகை மேலேதான் போகும்!

ஒரு கட்டடத்தில் சுவரும் கண்ணாடியும்தான் கண்ணில் படும். ஏசி டக்ட், கேபிள், தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் கருவி எல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும். அவை சரியாக ஓடும்வரை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வைத்துவிட்டால்... எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்!

பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையம் நல்ல உதாரணம். 2006ல் வேலை தொடங்கியது. 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக அறிவித்தார்கள். ஆனால் மே 8ஆம் தேதி, நான்கு வாரம்கூட இல்லாதபோது, எல்லாம் ரத்து!

காரணம், புகை. முனையத்தில் தீப்பிடித்தால் புகையைத் தரைக்கடியில் உள்ள டக்ட் வழியாக இழுத்து வெளியேற்றத் திட்டம். சூடான புகை மேலேதான் போகும் என்பது பள்ளிப் பாடம். அதைக் கீழே இழுக்க முடியாது என்றில்லை. ஆனால் விசிறி, சென்சார், தானியங்கிக் கதவு எல்லாம் ஒன்றுசேர்ந்து இயங்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை. கதவுகளை ஆட்களை வைத்துத் திறக்கிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். உள்ளூர் கட்டட அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பிடிவாதம் அதிகமா? 1996ல் அதே ஜெர்மனியில், டூசல்டார்ஃப் விமான நிலையத் தீ விபத்தில் 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

சரி, தப்பு எங்கே? மொத்தப் பொறுப்பையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுக்கத்தான் முதலில் நினைத்தார்கள். கேட்ட விலை அதிகம் என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நடுவில் கட்டடத்தின் அளவும் மாறியது. ஒரு சுவர் நகர்ந்தால் டக்ட் நகரும், கேபிள் நகரும், கதவின் கட்டுப்பாடும் மாறும். 'என் பகுதி முடிந்தது' என்று சொல்ல எல்லோரும் உண்டு. 'எல்லாம் சேர்ந்து ஓடுகிறது' என்று சொல்ல ஒருவர் வேண்டாமா?

இன்னொன்று, சோதனைக்கான நாட்கள். கான்கிரீட் வேலை தாமதமானாலும், பெயின்ட் தாமதமானாலும், திறப்பு விழாத் தேதி மாறாது. கடைசியில் இருக்கும் சோதனையில்தான் எல்லோரும் கைவைப்பார்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் வேலைகளை நிர்வகிப்பவரின் முக்கியமான கடமை, அந்த நாட்களை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பதுதான். சீலிங்கை மூடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். மூடிய பிறகு பிரிப்பது இரட்டைச் செலவு.

பெர்லின் விமான நிலையம் கடைசியில் 2020 அக்டோபர் 31 அன்று திறந்தது. எட்டு வருடத் தாமதம், கேலி, கோடிக்கணக்கான யூரோ நஷ்டம். ஆனாலும் அந்த அலுவலகம் கையெழுத்துப் போட மறுத்ததில் போனது பணமும் மானமும்தான். உயிர் போகவில்லையே!