எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு துக்க வீடு. தெருவை அடைத்துப் பந்தல். அப்பத்தா ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். மூச்சு நின்றது விடியற்காலை நாலு மணிக்கு. ஐந்து மணிக்கெல்லாம் போஸ்டர் போனுக்கு வந்துவிட்டது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரை வெட்டி எறிந்ததில், அப்பத்தாவின் தோளில் யாருடைய விரல்களோ மிச்சம் இருக்கின்றன. மேலே 'கண்ணீர் அஞ்சலி', இரண்டு ஓரத்திலும் எரியும் குத்துவிளக்கு, கீழே 'இன்று மாலை 4 மணி'. அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி: "எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

போஸ்டர் செய்தது மூத்த பேரன், கல்லூரியில் படிக்கிற பையன். ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்டு பண்ண வாட்ஸாப் விடாது. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி போன் போனாகப் பரவி, போளூர் பக்கம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். நாட்டில் வேறு பல இடங்களிலும் அப்படி நடந்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. அதனால் இந்தச் சாவுச் செய்தியும் ஐந்தைந்தாகத்தான் போயிற்று.

இப்போது அவன் பந்தல் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், அழுது வீங்கிய கண்ணோடு, தன் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். 112 பேர். ஒரு பெயரில் விரல் நிற்கிறது. தொட்டு உள்ளே போகிறான். ஒன்றும் வந்திருக்கவில்லை. வெளியே வந்து, சற்றுப் பொறுத்து மறுபடி போகிறான். நாளைக்குச் சுடுகாட்டுக்குப் பால் ஊற்றக் கிளம்பும்போது அந்த ஸ்டேட்டஸும் அழிந்திருக்கும். அதற்கு ஆயுள் 24 மணி நேரம்.

குடும்பக் குரூப்பில் கூப்பிய கைகளாகக் குவிகின்றன. நடுவில் ரோஜாப்பூவோடு ஓர் 'இனிய காலை வணக்கம்'. திருப்பூர் மாமா, எழுந்ததும் கண்ணாடி போடாமலே அனுப்புகிறவர். பதறிப்போய் அழித்திருக்கிறார். அழித்த தடம் அழியவில்லை. "என்ன மாமா டெலிட் பண்ணீங்க?" என்று இரண்டு பேர் விசாரிக்கிறார்கள்.

பத்து மணிக்குச் சிவகாசியிலிருந்து அப்பத்தாவின் தம்பி மகள் வந்து இறங்குகிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி. பெண்கள் வட்டமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். அழுது ஓய்ந்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூத்த மகனிடம் திரும்புகிறார்.

"எங்கத்தை செத்ததைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லணுமா மச்சான்? அவ யாரு ஸ்டேட்டஸ்லயோ பாத்திருக்கா."

"குரூப்புல போட்டமே புள்ள."

"குரூப்புல போட்டா எனக்குச் சொன்னதாயிருமா?"

அவர் பதில் பேசவில்லை. என்ன பேசுவார்? பிறந்த வீட்டுக் கோடித்துணி வராமல் பிணத்தை எடுக்க முடியாது. அந்தக் கோடிக்கு உரியவர்களுக்கே மூன்றாம் ஆள் சொல்லித் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் இழவு சொல்ல ஆள் போகும். அந்த வேலையைச் சேரி மக்கள் தலையில் கட்டி, வெயிலில் ஊர் ஊராக நடக்க விட்டன நம் ஊர்கள். அந்த நடையைப் போன் ஒழித்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வந்த வேகத்தில் ஆட்களை அழவைத்த தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுபோனது. யார் சொன்னார்கள், யாருக்கு முதலில் சொன்னார்கள் என்கிற கணக்கு மட்டும் நிற்கவில்லை.

இளைய மகன் துபாயில். டிக்கெட் கிடைக்கவில்லை. அக்கா புருஷன் பெட்டிக்கு மேல் போனைப் பிடித்திருக்கிறார். வலிக்கும்போது கை மாற்றுகிறார். திரையில், நிறுத்தின வண்டிக்குள் யூனிபார்மோடு ஒருவர்.

"மாமா, கண்ணாடில உங்க மூஞ்சிதான் தெரியுது."

போனைச் சாய்த்துப் பார்க்கிறார். இந்தப் பக்கம் சாய்த்தால் டியூப் லைட், அந்தப் பக்கம் சாய்த்தால் பந்தல் துணி. கடைசியில் மூடியைத் திறக்கிறார்கள். பெண்கள் விலகி இடம் விடுகிறார்கள்.

"கால்கிட்டக் காட்டுங்க மாமா."

கால் விரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி. போன் அங்கே நிற்கிறது. வண்டிக்குள் இருந்தவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். மாமா போனை எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அவருக்குத்தான் ஒரு கோடி போட வேண்டும்.

பறை தொடங்கியதும் ஒரு பையன் ரீல்ஸுக்காகப் போனைத் தூக்கினான். அவன் சித்தி பிடரியில் ஒன்று போட்டார். அதோடு சரி.

நாலு மணி நாலே முக்கால் ஆகித்தான் எடுத்தார்கள். சாயங்காலம் குளித்து ஈரத் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்த மூத்த மகன், கருமாதிக்கு நாள் குறித்த கையோடு, போஸ்டர் செய்த தன் பையனைக் கூப்பிட்டார்.

"பீரோவுல பழைய மொய் நோட்டு இருக்கும், எடு. அதுல உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடணும்."

"குரூப்புல கார்டு போட்டுரலாம்ப்பா."

"அதையும் போடு. முதல்ல சிவகாசிக்குப் பேசு."

"சின்னம்மா இந்தா பந்தல்லதானப்பா உக்காந்திருக்காக!"

"அப்ப எந்திரிச்சுப் போயி நேர்ல சொல்லு."