வாசல் கோலமும் மணல் மண்டலமும்

அன்புள்ள நண்பருக்கு,

நீடாமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பு இங்கேதான். இந்த ஊர் வழியே போகும் ரயில் பாதையில் கிழக்கே போனால் நாகப்பட்டினம். சோழன் முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் அங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்தைக் கட்டியதையும், ஆனைமங்கலம் என்னும் ஊர் அதற்குக் கொடையானதையும் லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. ஆனால் பௌத்த மண்டலச் சடங்கை அறிவியல் கலையாக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு விகாரத்தைவிட இந்த ஊர் வாசல் கோலங்களே நல்ல சான்று.

திபெத்தியத் துறவிகள் மண்டலம் இடும்போது சக்பூர் என்னும் கூரிய உலோகக் குழலின் மேலுள்ள வரிகளை இன்னொரு கோலால் உரசுவார்கள். அந்த அதிர்வில் வண்ண மணல் இழையாக இறங்கும். நாள்கணக்கில் இட்டதைக் கடைசியில் கூட்டி அள்ளி ஓடும் நீரில் விட்டுவிடுவார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இடப்பட்ட அப்படியொரு மண்டலத்தை வைத்துக் கலைஞர் விக்டோரியா வெஸ்னாவும் நானோ அறிவியலாளர் ஜேம்ஸ் கிம்செவ்ஸ்கியும் ‘நானோமண்டலா’ செய்தார்கள். வட்டமாகப் பரப்பிய மணல்மீது காணொளி விழும்; ஒற்றை மணல் துகளின் நுண்ணமைப்பில் தொடங்கி முழு மண்டலமாக விரியும். பார்க்க வந்தவர் அந்த மணலை அளையவும் செய்யலாம். துறவிகள் எவ்வளவு சிறிய பொருளை வைத்து எவ்வளவு பெரியதைக் கட்டினார்கள் என்பதை நுண்ணோக்கி எடுத்துக்காட்டுகிறது. ஆகவே நானோமண்டலா வெறும் நகல் அல்ல. சடங்கின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் தொழில்நுட்பம் சடங்கை முடித்துவைக்கிறது. செய்முறையை எடுத்துக்கொள்ளும் தொழில்நுட்பம்தான் அதைத் தொடர்கிறது.

கோலத்தில் இரண்டுக்கும் சாட்சி உண்டு. ஸ்டிக்கர் கோலம் முதல் வகை: உருவம் அச்சு அசல், குனிய வேண்டாம், புள்ளி வைக்க வேண்டாம், நாளை வேறொன்று யோசிக்கவும் வேண்டாம். இரண்டாம் வகைக்குத் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைப் பார்க்க வேண்டும். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக்காட்டினார்கள். சிக்குக் கோலத்தின் கம்பி, அதாவது கோடு, புள்ளியைச் சுற்றி நேரே போகிறது, வளைகிறது, சுழிக்கிறது, புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. இப்படிச் சில அசைவுகளையே விதிகளாக்கலாம். எழுத்தறியாத பெண்களின் விரல்களுக்கு இது எப்போதோ தெரியும். கல்விக்கூடம்தான் தாமதமாக வந்தது.

மண்டலத்துக்குத் தீட்சையும் தியானமும் வேண்டும், கோலத்தை அதோடு சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். தத்துவத்தில் சேராதுதான். ஆனால் மனப்பாடமான முறைப்படி தரையில் இடுவது, அது நிலைக்காது என்று தெரிந்தே இடுவது, இந்த இரண்டிலும் சேரும். என் வாதத்துக்கு அவ்வளவு போதும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் அழிவைப் பற்றியது. கணினிக்கு ஏது அழிவு? கோலத்தைப் பொறுத்தவரை பதில் உண்டு: காலடி பட்டு மாவுதான் கலைகிறது, முறை கையில் இருக்கிறது, அந்த முறையைத்தான் சிரோமணி குழுவும் எழுதிவைத்தது. நானோமண்டலாவுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. காணொளி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். யாருக்கும் எதுவும் கைவிட்டுப் போவதில்லை. துறவிகள் ஆற்றில் விட்டதற்கு ஈடாக அதில் ஒன்றும் இல்லை, அந்த அளவில் அது குறைபட்ட வேலைதான்.

அன்புடன்,
உங்கள் நண்பன்