லாரி எத்தனை மணிக்கு, சார்?

மேற்கு தாம்பரத்தில், மாடியில் இருந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் அவர் ஹெச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டது 2000-ம் ஆண்டு. வயது அப்போது 41. ஆபீஸ் முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்கியதும், கல்லூரிப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

சொல்லிக்கொடுத்தது எல்லாம் டேபிள்தான். முதலில் காகிதத்தில் கட்டம் போட வேண்டும். மேலே நீளமாகத் தலைப்பு, இடதுபக்கம் மெனு, நடுவில் விஷயம். அதை அப்படியே நோட்பேடில் வரிசையும் கட்டமுமாக அடித்து, பார்டரைப் பூஜ்யமாக்கினால் கோடுகள் மறைந்து பக்கம் நிமிர்ந்து நிற்கும். கடைசியில் டேபிளை மூட மறந்தால் நெட்ஸ்கேப்பில் பக்கமே வெள்ளையாகிவிடும். அந்த வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது. சி.எஸ்.எஸ். 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டாலும், ஒவ்வொரு பிரவுசரும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டிய காலம் அது.

2019 கோடை. சென்னையே குடத்தோடு அலைந்தது. ஓய்வு பெற்றிருந்த அவர், சேலையூரில் தங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் போட ஒரு வலைப்பக்கம் செய்தார். பழைய கைதானே, டேபிள்தான் வந்தது. இடது கட்டத்தில் ஆறு தெருக்களின் பெயர், நடுக் கட்டத்தில் மெயின்டனன்ஸ் பாக்கி அறிவிப்பு, வலது கட்டத்தில் நேரங்கள். கண்ணுக்கு எல்லாம் நேருக்கு நேர் இருந்தது.

மூன்றாம் தெருவில் ஒரு பாட்டு டீச்சர். பார்வை கிடையாது. போன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத்தான் எதையும் தெரிந்துகொள்வார். ஒருநாள் காலை காலிக் குடங்களோடு வாசலில் நின்றவர், இவர் குரல் கேட்டதும் கூப்பிட்டார்.

"சார், போன் முதல்ல ஆறு தெருப் பேரையும் சொல்லுச்சு. அப்புறம் பாக்கி கட்டச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஆறு, ஏழரை, ஒன்பதுன்னு போச்சு. நான் விரல் விட்டு எண்ணினேன். மூணாவது ஒன்பது. லாரி எப்பவோ போயிடுச்சாமே?"

முதல் தெருவுக்கு அன்று லாரி இல்லை. அந்த இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார். வெறுமையைப் போன் எப்படிப் படிக்கும்? மூன்றாம் தெருவின் நேரம் ஏழரை. "பக்கத்துல பார்த்தா..." என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் வீட்டு சம்ப்பிலிருந்து நான்கு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கல்லூரியில் படிக்கும் மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, டேபிள் போட வேண்டிய இடத்துல போடாம, வேண்டாத இடத்துல போட்டிருக்கீங்க." நேர அட்டவணைதான் உண்மையான டேபிள், பக்கத்தைத் தூக்கி நிறுத்த அது எதற்கு என்றாள். காது கேட்டுப் படிப்பவர்களுக்குக் குழப்பம் வரும் என்று டபிள்யூ3சி அமைப்பு 1999 மே மாதமே எச்சரித்திருக்கிறது. அவர் கட்டம் போடக் கற்றுக்கொண்டதற்கு ஒரு வருடம் முன்பே!

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து பிரித்து எழுதினார்கள். பக்க அமைப்பு சி.எஸ்.எஸ்.ஸுக்குப் போனது. டேபிளில் ஒரு தெருவுக்கு ஒரு வரிசை, தெருப் பெயர் அந்த வரிசையின் தலைப்பு, பக்கத்திலேயே நேரம். காலியான கட்டத்தில் 'இன்று இல்லை'. போனில் எறும்பு அளவு தெரிந்த எழுத்தும் பெரிதானது. சோதித்துப் பார்க்கத் தன் போனிலேயே டாக்பேக்கைப் போட்டார். அதை நிறுத்தத் தெரியாமல் அரைமணி நேரம் வீடே அலறியது.

மறுநாள் ஏழேகாலுக்கே டீச்சர் வாசலில் நின்றார், குடங்களோடு.

"இப்ப தெளிவா சொல்லுது, சார். ஆனா பாக்கி அறிவிப்பைக் கடைசிக்குத் தள்ளிட்டீங்களே?"

"ஆமாம், டீச்சர்."

"நல்லது. இனிமே அதை யாரும் கேட்க மாட்டாங்க."