டீச்சரே ஸ்டூடண்ட் ஆன கதை

பீட்டர் ஹெஸ்லரின் 'ரிவர் டவுன்' நேற்றுதான் படித்து முடித்தேன். 1996-ல் அமெரிக்காவிலிருந்து சீனா போய், யாங்சே நதிக்கரையிலுள்ள ஃபூலிங் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். அப்போது அந்த ஊருக்கு ரயில் கிடையாது, பெரும்பாலும் படகுதான்.

வகுப்பில் ஷேக்ஸ்பியர் நடத்துகிறவர், வெளியே வந்தால் சீன மொழியில் தடுமாறுகிற சின்னப் பிள்ளை! தெருவில் பார்த்தாலே 'ஹலோ' என்று கத்துவார்களாம். ஆனாலும் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே கற்றுக்கொண்டார்.

பி.காம். மூன்றாம் வருஷம் வந்தும், இங்கிலீஷ் செமினார் என்றால் லீவு போடுகிறவன் நான். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற பயம்தான். வாத்தியாரே தப்பும் தவறுமாகப் பேசித்தானே கற்றிருக்கிறார்?

வருகிற திங்கட்கிழமை என் முறை. இந்தத் தடவை லீவு போடப் போவதில்லை... பார்க்கலாம்!