எந்தத் தோட்டம் நீங்க?

லங்காவியில் பந்தாய் செனாங் கடற்கரைச் சாலையில் இந்தியச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. வாசலுக்கு வாசல் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறார்கள். பட்டர் சிக்கன், நான், பன்னீர் எல்லாம் உண்டு. 1987-இல் தீவு தீர்வையில்லா இடமானதிலிருந்து பீரும் மலிவு. சாப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சுற்றியிருந்த மேசைகளில் கெடாக்காரர் ஒருவரைக்கூடக் காணோம். படகு ஓட்டும் தமிழர் ஒருவரிடம், "நம்ம ஆளுங்க எங்கண்ணே சாப்பிடுவாங்க?" என்று கேட்டேன். "அக்கரைக்குப் போங்க தம்பி. சுங்கைப்பட்டாணிப் பக்கம்" என்றார்.

குவாவில் படகேறி கோலக்கெடாவில் இறங்கினால் அலோர் ஸ்டார் பக்கம்தான். அங்கே நாசி லெமாக் கேட்டால் மஞ்சள் சோறு வைத்து மேலே கறிக்குழம்பை ஊற்றுகிறார்கள். கோலாலம்பூர் நாக்குக்கு இது நாசி கண்டார் மாதிரிதான் தெரியும். ஒரு தட்டு முடித்துவிட்டுத் தெற்கே கிளம்பினேன். குனோங் ஜெராய் மலை இடப்பக்கமா வலப்பக்கமா என்று வழி சொல்கிற நாடு இது. கூகுள் வரைபடமெல்லாம் அப்புறம்தான்.

பீடோங்கில் விடிந்தும் விடியாததுமாகப் பசியாற உட்கார்ந்தேன். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் முருகன் படம் போட்ட நாட்காட்டி. பெயர்ப்பலகை கிடையாது. தோசைக்கல் முன்னால் நின்ற அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எந்தத் தோட்டம் நீங்க?"

"கே.எல்.லுங்க அக்கா."

"அது டவுனு. அப்பா எந்தத் தோட்டம்?"

கெடாவில் கடை தேடும் வித்தை முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபோனார்கள். பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டம் போனாலும் பெயர் போகவில்லை. ஹார்வர்டு, டப்ளின், ஸ்கார்பரோ, பத்தானி பாரா என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. கடைகளையும் ஜனங்கள் அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள். "ஹார்வர்டு தோட்டத்து அக்கா கடை", "டப்ளின்காரரு ஒட்டுக்கடை". ஆகவே நல்ல கடை எது என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால், விருந்தாளிக்குக் குளுகுளு அறை வேண்டும் என்று நினைத்து, மெயின் ரோட்டில் ஏசி போட்ட உணவகத்துக்கு மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். 'உங்க தோட்டத்து ஆளுங்க யாரும் கடை வச்சிருக்காங்களா?' என்று கேட்டால் முகம் மலர்கிறது. நான் கேட்ட ஒரு லோரி ஓட்டுநர் வழி சொன்னதோடு நிற்காமல், கைப்பேசியில் கடைக்காரரைக் கூப்பிட்டு, "ஒரு அண்ணன் வர்றாரு, தலைக்கறி எடுத்து வையி" என்றும் சொல்லிவிட்டார்.

நேரம் இன்னொரு சங்கதி. சுங்கைப்பட்டாணியில் மணிக்கூண்டுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் மதியம் ஒன்றரைக்குப் போய்ப் பார்த்தேன். பாதிக் கடையில் பானை கவிழ்ந்து கிடந்தது. பத்து மணிக்கே சோறு தயாராகி, பன்னிரண்டரைக்கு நல்லதெல்லாம் தீர்ந்துவிடுகிறது. பால் மரம் போட்ட பழக்கம் இது. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, விடியும்போது பால் மரம் வெட்டி, பிறகு பால் எடுத்து நிறுத்துவிட்டு வருகிறவனுக்கு முற்பகலிலேயே அகோரப் பசி. மரம் வெட்டுகிறவர்கள் இன்று அருகிப்போனாலும் வயிறு மட்டும் அந்தக் கணக்கிலேயே ஓடுகிறது. இரவு ஷிப்ட் முடித்து வருகிற தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் தோதாகிவிட்டது.

மறுநாள் பத்தேகாலுக்கெல்லாம் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முருங்கைக்கீரைப் பொரியல், கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு, புளி தூக்கலான ரசம், தனிக் கிண்ணத்தில் ஆட்டிறைச்சிப் பெரட்டல். பெரட்டல் என்ற பெயரில் நகரத்து உணவகங்கள் தரும் சிவப்புச் சாறு இல்லை இது. மசாலா எண்ணெய் கக்கி, கறுத்து, எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. சோற்றைச் சட்டியிலேயே போட்டுப் பிரட்டித் தரச் சொல்லி ஒருவர் கேட்டு வாங்கினார்; நானும் கேட்டேன். கருவாடு தஞ்சோங் டாவாயில் இருந்து வருகிறதாம். மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள அந்த மீன்பிடி ஊரில் நெத்திலியும் பெலாச்சானும் பேர்போனவை. தோட்டத்துச் சமையலில் பாதி இப்படிப்பட்ட பக்கத்துச் சரக்குதான். மீதி, மல்லியும் மிளகாயும் அம்மியில் அரைத்த காலத்துக் கை. இப்போது அம்மி இல்லை, ஆனாலும் அளவு மாறவில்லை.

வெள்ளிக்கிழமை போனால் கதை வேறு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளியன்று வீடே கடைக்கு வரும். ஆனால் நம் கடைகளில் பலவற்றில் அன்றைக்குச் சைவம். கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு வந்து உட்காருகிறார்கள். பருப்பு, பாயாசம், அப்பளம் என்று இலை அமர்க்களப்படும். கறி கேட்டால் அக்கா முறைப்பார். கறிக்கு வந்தவர்கள் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும்.

மதியம் வெயிலில் மெர்போக் போனேன். ராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் இந்தப் பக்கம்தான். அந்தப் பழைய காலத்துப் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் கருங்கல்லில் சுத்தமாக நிற்கிறது. சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து படமெடுத்துக்கொண்டு போனது. அதில் வந்தவர்கள் பொட்டலச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இத்தனை தூரம் வந்து பினாங்கில் கட்டிய சோற்றைச் சாப்பிடுகிறார்களே என்று எனக்குத்தான் ஆறவில்லை. சற்றுத் தள்ளி செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பி நடக்கும் கடைகள் வேறு ரகம். அங்கே மேகி கோரெங்தான் ராஜா.

குடிக்கிற இடம் தேடிப் போனது பாடாங் செராய், லூனாஸ் பக்கம். வெளிச்சம் போட்ட 'பார்' எதையும் தேட வேண்டாம். சீனர் நடத்தும் கோப்பிக்கடை, பீர் அவருடையது. கடையின் ஓரத்தில் வாடகைக்கு நிற்கும் தமிழர் அடுப்பில் வருவல், நண்டுப் பெரட்டல், காட்டுப்பன்றி. செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் அதே பன்றிதான். சாயங்காலம் ஆறானால் மேசைகள் நிரம்புகின்றன. குடும்பத்தோடு யாரும் வருவதில்லை. பெண்கள் பொட்டலம் வாங்க வந்து, வாசலிலேயே நின்று, வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

என் மேசையில் இடம் கொடுத்த அறுபது வயதுக்காரர் டப்ளின் தோட்டத்தில் பிறந்தவர். பேச்சு கள்ளுக்குப் போயிற்று. தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. கையில் வந்த சம்பளம் மறுபடி துரையின் பெட்டிக்கே போகும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படை திரட்டினார். 1947-இல் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடை மறியல் பரவி, போலீஸோடு மோதலாகி, உயிர்ப்பலியும் நடந்தது. மலாயாத் தொழிற்சங்க வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் கிடைத்தது அதனால்தான்.

"எங்க தாத்தா தொண்டர் படையில இருந்தவரு. கள்ளுக்கடைய மூடச் சொல்லி நின்னவரு" என்றார் அவர், பீரை ஊற்றிக்கொண்டே. என் பார்வையைக் கவனித்துவிட்டு, "இது சீனன் கடை. தோட்டத்துக் கடை இல்ல" என்றார். வாதத்தில் நியாயம் இருக்கிறதா என்று நான் யோசிப்பதற்குள் அடுப்படியைப் பார்த்து இன்னொரு தட்டு சொல்லியிருந்தார். காட்டுப்பன்றி தீர்ந்துவிட்டதாம், கோழி மட்டும்தான். மணி எட்டுகூட ஆகவில்லை.

"நாளைக்கு வர்றதா இருந்தா ஏழுக்குள்ள வாங்க தம்பி" என்றார். "கேட்டா, டப்ளின்காரரு அனுப்புனாருன்னு சொல்லுங்க."